பஞ்சாயத்து முடிந்த பிறகு அவள் எங்கே போவாள்?



ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று இந்த மலைப்பாதையில் எந்த வளைவில் உங்கள் லயம் இருந்தாலும் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நானும் தேயிலைக் காட்டில் பிறந்தவன். என் அம்மா விடியற்காலைக் குளிரில் பெரட்டுக்கு ஓடியவர், முதுகில் கூடை கட்டிக் கொழுந்து பறித்தவர். அந்தக் கூடைதான் என்னைச் சட்டம் படிக்க வைத்தது. ஆகவே, வெளியூர் வக்கீல் வந்து நமக்குப் புத்தி சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். ஒரு வேண்டுகோள்: ஆண்கள் மட்டும் படித்துவிட்டு மூடிவிட வேண்டாம். வீட்டுப் பெண்களுக்கும் கொடுங்கள். படிக்க வராத பாட்டிக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

2007 நவம்பர் 25ஆம் தேதியை நம்மில் யாரும் மறக்கவில்லை. கோலாலம்பூர் வீதிகளில் பல்லாயிரக்கணக்கில் நின்றோம். கண்ணீர்ப்புகை வீசினார்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் நம் அம்மாக்களும் அக்காக்களும் இருந்தார்கள். ஆனால் அதே நவம்பர் 25க்கு உலகத்தில் வேறொரு பெயரும் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் அனைத்துலக நாள் அது. 1960ஆம் ஆண்டு அதே தேதியில், டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி ட்ருஹியோவை எதிர்த்த மிராபால் சகோதரிகள் மூவரை அவனுடைய ஆட்கள் அடித்துக் கொன்றார்கள். அவர்கள் நினைவாகவே 1999இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இந்த நாளை அறிவித்தது. ஒவ்வோர் ஆண்டும் நாம் நம் பேரணிக் கதையைச் சொல்கிறோம். இந்த இன்னொரு கதையைச் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்து இந்த இயக்கத்தின் மேடைகளில் ஒரு தடவைகூட யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

ஈழத்துப் பெண்களின் படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். 2009க்குப் பிறகு அந்தப் படங்கள் கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி ஓடின. பார்த்துவிட்டு அழுதோம், சபித்தோம், சுவரொட்டி அடித்தோம். அந்தப் போரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைக் கோலாலம்பூரில் 2013இல் திரையிட்டதற்காக லீனா ஹென்றி என்ற பெண் மீது தணிக்கைச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். 2017இல் அவருக்கு 10,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். அவர் நமக்காகப் பட்ட பாடு அது. வழக்கு நடந்தபோது நம்மில் எத்தனை பேர் நீதிமன்ற வாசலில் நின்றோம் என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

கிருசாந்தியின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணம் சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி, வயது 18. 1996 செப்டம்பர் 7ஆம் தேதி பரீட்சை எழுதிவிட்டு சைக்கிளில் வீடு திரும்பும் வழியில், செம்மணிச் சோதனைச் சாவடியில் இராணுவத்தார் பிடித்துக்கொண்டார்கள். தேடிப் போன தாயையும் தம்பியையும் அயலவர் ஒருவரையும் சேர்த்துக் கொன்று புதைத்தார்கள். 1998இல் கொழும்பு உயர்நீதிமன்றம் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனை பெற்றவர்களில் ஒருவர், செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருப்பதாகக் கூண்டில் நின்று சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. பிறகு பேச்சே இல்லை. 2025இல் அதே செம்மணிப் பகுதியில், சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தன.

இதெல்லாம் உங்கள் நெஞ்சைச் சுடும். சுட வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். கிருசாந்தி உயிரோடு தப்பி வந்திருந்தால்? அகதியாக மலேசியா வந்து, வேலை தேடி இந்த மலைக்கு ஏறி, உங்கள் லயத்தில் மூன்றாவது வீட்டில் குடியேறியிருந்தால்? அவளுக்கு நடந்தது என்னவென்று ஊருக்குத் தெரிந்திருந்தால்? உங்கள் மகனுக்குப் பெண் கேட்டிருப்பீர்களா? பொங்கலுக்குக் கோயில் பானைக்கு அரிசி போட அவளைக் கூப்பிட்டிருப்பீர்களா? இல்லை, குழாயடியில் அவள் வரும்போது பேச்சு நின்றிருக்குமா?

செத்த பெண்ணுக்காக அழுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. பிழைத்து வந்தவளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

பிழைத்து வந்தவர்கள் இருக்கிறார்கள். 2006க்கும் 2012க்கும் இடையில் இலங்கைப் பாதுகாப்புப் படையினரின் காவலில் பாலியல் வதைக்கு ஆளானவர்களில் 75 பேரின் கதைகளை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2013இல் வெளியிட்டது. அந்த 75 பேரில் பெண்கள் மட்டுமில்லை, ஆண்களும் இருக்கிறார்கள். 2015இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கையும் அதையே சொன்னது. ஆண்களுக்கு நடந்ததைப் பற்றி நம் சமூகம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். இங்கே ஒரு வரியோடு கடந்து போகிறேன், அது நியாயமில்லை என்று தெரிந்தேதான்.

மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் என்று ஓர் அமைப்பு உண்டு. 1990களின் தொடக்கத்தில், போரில் இடம்பெயர்ந்து கொழும்பு முகாம்களில் இருந்த பெண்களோடு தொடங்கிய வேலை, பிறகு மட்டக்களப்பில் ஊன்றியது. இராணுவம் செய்த கொடுமைக்காகப் பேசப் போன அவர்கள், வீட்டுக்குள் புருசன் செய்யும் கொடுமைக்கும் சேர்த்தே வேலை செய்தார்கள். போர் நடக்கிற ஊரிலேயே அதைச் செய்ய முடிந்தது என்றால், நமக்கு என்ன சாக்கு?

சாக்கு ஒன்று இருக்கிறது. நம் இயக்கக் கூட்டங்களிலேயே கேட்டிருக்கிறேன். “வக்கீல் தம்பி, நம்மை நசுக்குவது அரசாங்கம். நம் ஆண்களைப் பற்றி நாமே வெளியே பேசினால் எதிரிக்குத்தானே கொண்டாட்டம்? முதலில் உரிமையை வாங்குவோம், வீட்டுச் சண்டையைப் பிறகு பார்க்கலாம்.” சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் வரலாறு தெரியாதவர்கள்.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றித் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் இந்தியர் சங்கம் ஒரு கோரிக்கைப் பட்டியல் கொடுத்தது. சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்றது. கள்ளுக்கடையை மூடச் சொன்னது. துரைக்கு முன்னாலும் கிராணிக்கு முன்னாலும் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்றது. பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, சொந்தபந்தங்கள் தோட்டத்துக்குள் வந்து போக அனுமதி என்று நீண்டது. அதே பட்டியலில், அதே தாளில், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் வெள்ளைத் துரைகளும் “கறுப்புத் துரைகளும்” தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது! யாரும் அதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைக்கவில்லை. நாதனை மே மாதம் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். இராணுவத்தை இறக்கினார்கள். ஐந்து பேராவது சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கோரிக்கைக்காகவும் சேர்த்துத்தான் அவர்கள் செத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டன்மார் கண்ட நியாயம், இணையத்தில் கட்டுரை எழுதும் நமக்கு எங்கே போயிற்று?

அந்தப் பட்டியலில் “கறுப்புத் துரை” என்ற சொல்லைக் கவனியுங்கள். துரை வெள்ளையாக இருந்தால்தான் குற்றம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் மேலே எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

2008ஆம் ஆண்டு. வழக்கறிஞராகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு தோட்டத்திலிருந்து கோயில் தலைவர் அழைத்தார். ஒரு பெண்ணின் மணிக்கட்டைக் கணவன் முறித்துவிட்டான். அவள் போலீசுக்குப் போகிறேன் என்கிறாள், போனால் அவன் வேலை போகும், வேலை போனால் வீடு போகும், பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு, நீ படித்தவன், வந்து பேசி முடி என்றார். போனேன். கோயில் திண்ணையில் உட்கார்ந்தோம். ஆண்கள் ஒன்பது பேர். அவள் தூணோரம் கையில் கட்டோடு நின்றாள். அவன் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தான். தலைவர், எழுத்தில் இருக்கட்டும் என்றார். எழுதினேன். அவன் இனிக் குடித்துவிட்டு அடிக்க மாட்டான், அவளும் இனி அவனைக் கோபமூட்டும்படி பேச மாட்டாள், இருவரும் ஒத்துக்கொள்கிறார்கள். என் கையெழுத்து, என் முத்திரை. எல்லோரும் கைகொடுத்தார்கள். தேநீர் கொடுத்தார்கள். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு மலையிறங்கினேன்.

நாலு மாதத்தில் அவள் காய்கறி லாரியில் ஏறி ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டாள். முதுகில் சுடுதண்ணீர்க் காயம். ரொம்ப நாள் கழித்து ஈப்போவில் பார்த்தேன். அவளாகத்தான் வந்து பேசினாள். திட்டவில்லை. “நீங்க எழுதிக் குடுத்த பேப்பர அவரு ஐ.சி. வெச்சிருந்த பிளாஸ்டிக் உறையிலேயே வெச்சிருந்தாரு சார். அடிக்கிறப்பல்லாம் எடுத்துக் காட்டுவாரு. கோபமூட்ட மாட்டேன்னு லாயர்கிட்டக் கையெழுத்துப் போட்டியே, இப்ப யாரு சத்தியத்த மீறுனதுன்னு கேப்பாரு.”

அன்றிலிருந்து எந்தத் திண்ணையிலும் நான் உட்காரவில்லை.

பஞ்சாயத்து என்பது நம் மக்களின் நல்ல பழக்கம்தான். வேலித் தகராறுக்கும் சீட்டுப் பணத் தகராறுக்கும் அதைவிட மலிவான நீதிமன்றம் கிடையாது. ஆனால் அடிபட்டவளையும் அடித்தவனையும் ஒரே பாயில் உட்கார வைத்து, இரண்டு பேரும் விட்டுக்கொடுங்கள் என்றால், அவள் விட்டுக்கொடுக்க அவளுடைய உடம்பைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

அப்படியானால் ஒரு சமூகம் பாதிக்கப்பட்ட பெண்ணுக்குத் துணை நிற்பது எப்படி? இதற்கு நான் காட்டும் பாடம் வாச்சாத்தி. நம்மில் பலருடைய கொள்ளுத்தாத்தா சேலம் ஜில்லாவிலிருந்து கங்காணியோடு கப்பலேறியவர். அந்தப் பழைய சேலம் ஜில்லாவில் இருந்து 1965இல் பிரிந்ததுதான் தருமபுரி. அங்கே அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள மலைவாழ் மக்களின் ஊர் வாச்சாத்தி.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை கடத்துகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் ஊருக்குள் புகுந்தார்கள். வனத்துறையினர் 155, போலீசார் 108, வருவாய்த்துறையினர் 6. வீரப்பன் பெயரைச் சொல்லி மலையோர மக்களை எதுவும் செய்யலாம் என்றிருந்த காலம் அது. ஊராரை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களைத் தனியாகப் பிரித்து, ஒளித்து வைத்த கட்டையைக் காட்டு என்று ஏரிப் பக்கம் கொண்டுபோய் வன்புணர்ச்சி செய்தார்கள். அதில் ஒரு சிறுமிக்கு வயது 13. வீடுகளை இடித்தார்கள், ஆடுமாடுகளைக் கொன்றார்கள், கிணறுகளைப் பாழாக்கினார்கள். அதற்குப் பிறகும் ஆத்திரம் தீராமல், 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் என 133 பேரைச் சிறையில் தள்ளினார்கள். தப்பியவர்கள் மலைக்காட்டில் ஒளிந்து கிடந்தார்கள்.

நினைத்துப் பாருங்கள். புகார் கொடுக்கப் போலீசுக்குப் போக வேண்டும். செய்தவனே போலீஸ். அன்றைய அரசாங்கம் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. அந்தப் பெண்கள் சிறையில் இருக்கிறார்கள், அவர்கள்மேல்தான் கடத்தல் வழக்கு. படிப்பில்லை, காசில்லை. இந்த நிலையில் வழக்கு என்ன ஆகும் என்று என்னைப் போன்ற வக்கீலைக் கேட்டிருந்தால், விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

விடவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் ஊருக்கு வந்தார்கள், பெண்களிடம் பேசினார்கள். பெ. சண்முகம் போன்றவர்கள் அலைந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அந்தக் கட்சியின் அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். செய்ததைச் சொல்ல வேண்டும். தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி என்ற பெண்மணி விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1995இல் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்ற சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் 16 ஆண்டுகள்! 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி அமர்வு நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. ஒருவர்கூடத் தப்பவில்லை. மீதி 54 பேர் தீர்ப்புக்கு முன்னாலேயே செத்துப் போயிருந்தார்கள். 17 பேர்மீது வன்புணர்ச்சிக் குற்றம் உறுதியானது: 12 பேருக்கு 10 ஆண்டு, 5 பேருக்கு 7 ஆண்டு சிறை. மேல்முறையீடு போனார்கள். உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் தானே அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29இல் எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளினார். ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 இலட்ச ரூபாய், அதில் பாதியை வன்புணர்ச்சிக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றார். அந்தப் பெண்களில் இறந்துபோனவர்கள் இருந்தால் பணம் குடும்பத்துக்குப் போக வேண்டும் என்றார். ஏனென்றால், 31 ஆண்டு என்பது ஓர் ஆயுள்.

சட்டக்கல்லூரி மாணவர்கள் இந்த வழக்கை எடுத்துக்கொண்டு பிரிவு எண்களைப் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த 18 பேரும் தனித்தனிப் பெண்களாக நிற்கவில்லை. ஊர் அவர்களை விலக்கவில்லை. இவள் கெட்டுப்போனவள் என்று ஆண்கள் ஒதுங்கவில்லை. அவர்கள் அந்த ஊரிலேயே வாழ்ந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், வழக்கு வாய்தாவுக்குச் சேர்ந்து போனார்கள். ஊரே அடிபட்டதால் ஊரே சேர்ந்தது என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் கேட்கிறேன்: ஒருத்தி மட்டும் அடிபட்டால், அது ஊருக்குப் பட்ட அடி என்று நாம் ஏன் நினைப்பதில்லை?

நம் மலைக்கு வருவோம். இங்கே நம் பெண்ணின் கையைக் கட்டிப்போட்டிருப்பது முதலில் பயமில்லை, வீடு. லயத்து வீடு கம்பெனியுடையது. அது வேலையோடு ஒட்டியது. வேலை புருசன் பெயரில் இருந்தால், அவனைப் பிடித்துக் கொடுத்தால் அவளும் பிள்ளைகளும் தெருவில். மாமியார் வாயில் வரும் முதல் வாசகமே அதுதான்: “அவன உள்ள வெச்சுட்டு எங்க போயி சமைப்ப?” குடும்ப வன்முறைச் சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. வீடு யார் பெயரில் இருந்தாலும், அடித்தவனை வெளியேற்றிவிட்டு அடிபட்டவளை உள்ளே இருக்கவிட நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் சொந்த வீட்டுக்காரர்களை நினைத்து எழுதிய சட்டம் அது. அவன் வேலை போன மறுமாதம் நிர்வாகம் சாவியைக் கேட்டால் அந்த உத்தரவு எவ்வளவு நாள் தாங்கும்? தொழிற்சங்கம் சம்பளத்துக்குப் பேசுகிறது, போனசுக்குப் பேசுகிறது. கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: குடும்ப வன்முறைப் பாதுகாப்பு உத்தரவு இருக்கும் பெண்ணையும் பிள்ளைகளையும் வீட்டைவிட்டு எழுப்பக் கூடாது, அவளுக்கு அந்தத் தோட்டத்திலேயே வேலை கொடுக்க வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து கேளுங்கள். சிரிப்பார்கள். கேளுங்கள்.

இரண்டாவது, கல்யாணப் பதிவு. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே பத்து வருசம் வாழ்ந்தவர்கள் இந்த மலையில் எத்தனையோ பேர். “உன் கல்யாணமே செல்லாது, நீ என்னத்த கேஸ் போடுவ” என்று மிரட்டுகிறார்கள். பெண்களே, நன்றாகக் கேளுங்கள். 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்துக்கு உங்கள் தாலி போதும். சமய முறைப்படியோ வழக்கப்படியோ சடங்கு நடந்திருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் அந்தச் சட்டம் உங்களைக் காக்கும். சொத்துக்கும் விவாகரத்துக்கும் பதிவு வேண்டும், அது வேறு கதை. அடிக்குப் பதிவு வேண்டாம்.

ராத்திரியில் நடந்தால்? 15999 என்ற தாலியான் காசே எண்ணை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்யுங்கள். அந்த எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. 2018இலிருந்து அவசரப் பாதுகாப்பு உத்தரவு என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் போலீஸ் ரிப்போர்ட்டும் வேண்டாம், நீதிமன்றமும் வேண்டாம். சமூக நல இலாகா அதிகாரியே இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், 7 நாளுக்குச் செல்லும். அந்த 7 நாளுக்குள் மற்றதைப் பார்க்கலாம். போலீஸ் நிலையத்தில் “இது எங்கள் வட்டாரம் இல்லை” என்று திருப்பி அனுப்பினால், நாட்டில் எங்கே நடந்த குற்றமானாலும் புகாரை ஏற்பது அவர்கள் கடமை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு சொல்கிறது. எண்ணைச் சொல்லுங்கள். எண்ணைச் சொன்னால் முகம் மாறும்.

வன்புணர்ச்சி என்றால் குளிக்காதீர்கள். கட்டியிருந்த துணியைத் துவைக்காதீர்கள், பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதப் பையில் வையுங்கள். நேராக அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். டாக்டர், போலீஸ், சமூக நல அதிகாரி என்று இடம் இடமாக அலையாமல் ஒரே அறையில் எல்லாம் நடக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி, பிறகு மற்ற அரசாங்க மருத்துவமனைகளுக்கும் கொண்டுபோனார்கள். மற்ற நாடுகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. நம் நாட்டைக் குறை சொல்லியே பழகிய எனக்கு இதைச் சொல்வதில் கொஞ்சம் பெருமைதான்.

கோயில் தலைவர்களுக்கும் மண்டோர்களுக்கும் ஒரு சட்டப் பிரிவு. 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டம், 19ஆம் பிரிவு. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருந்தால் 5,000 வெள்ளி வரை அபராதம். அதாவது, “வெளியே தெரிந்தால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது, நமக்குள் முடிப்போம்” என்று திண்ணையில் பேசும் அந்த ஒன்பது பேரும் குற்றவாளிகள். நானும் அப்படியொரு திண்ணையில் உட்கார்ந்தவன்தான். ஆகவே நட்போடு எச்சரிக்கிறேன்.

இன்னொரு விஷயம். இது நம்மில் சிலருக்குக் கசக்கும். இன்று தேயிலைக் காட்டில் நம் முகங்களைவிட வங்காளதேசி, நேப்பாளி, இந்தோனேசியர் முகங்களே அதிகம். காய்கறித் தோட்டங்களில் பர்மாவின் போரிலிருந்து ஓடிவந்தவர்கள் உண்டு. நம் தாத்தா தூக்கிய கூடையைத்தான் அவர்கள் தூக்குகிறார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடந்தால் அவள் எங்கே போவாள்? 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. பத்திரம் இல்லாத நோயாளி வந்தால் போலீசுக்கும் குடிநுழைவுத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு 2001இல் சுற்றறிக்கை விட்டது. காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் தடுப்பு முகாமில் முடியலாம். மண்டோருக்கு அது தெரியும். தெரிந்துதான் கை வைக்கிறான். அந்த மண்டோர் சில இடங்களில் நம் ஆள். 1941 பட்டியலில் “கறுப்புத் துரை” என்று எழுதியது யாரை? இன்று அந்தப் பெண்கள் பட்டியல் எழுதினால் யார் பெயர் இருக்கும்?

சரவாக்கின் பாராம் பகுதியில் பெனான் பழங்குடிப் பெண்களுக்கு நடந்ததையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பள்ளிக்குப் போக அவர்களுக்கு வெட்டுமரக் கம்பெனி வண்டியை விட்டால் வேறு வண்டி இல்லை. அந்த வண்டியும் அதை ஓட்டியவர்களும்தான் அவர்களுக்கு எமனானார்கள். அரசாங்கம் அமைத்த குழுவே 2009இல் வெளியான அறிக்கையில் கொடுமை நடந்ததை ஒப்புக்கொண்டது. வண்டி கம்பெனியுடையது, வீடு கம்பெனியுடையது, பாதையும் கம்பெனியுடையது. இது நமக்குத் தெரியாத கதையா? மலாய்க்காரர் இல்லாத சிறுபான்மை என்று நம் வலியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், பெனான் பெண்ணின் வலியும் பர்மாக்காரியின் வலியும் நம் கணக்கில் வராது. வர வேண்டும் என்பது என் கருத்து. இயக்கத்தில் எல்லோரும் இதை ஏற்க மாட்டார்கள். எழுதி அனுப்புங்கள், பேசுவோம்.

துணை நிற்பது என்றால் பெரிய காரியம் ஒன்றுமில்லை. அவளிடம் “நீ ஏன் அங்கே போனாய், ஏன் அப்போதே சொல்லவில்லை” என்று கேட்காமல் இருப்பது. வாச்சாத்திப் பெண்களை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியபோது அவர்களும் பேசவில்லை. பக்கத்தில் நின்றது அடித்த ஆட்கள், எப்படிப் பேசுவார்கள்? அதற்காக நடந்தது பொய்யாகிவிட்டதா? அவள் கோர்ட்டுக்குப் போகும் நாளில் அவள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது. அன்றைக்கு அவளுக்கு நாள் சம்பளம் போகும், லயத்தில் பத்து வீட்டார் ஆளுக்கு ஐந்து வெள்ளி போட்டால் அது திரும்பி வந்துவிடும். அவள் வீட்டுக் கதவில் இரண்டு தட்டு தட்டி “அக்கா, இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போவது.

இப்போது என் கையில் ஒரு வழக்கு இருக்கிறது. எந்தத் தோட்டம் என்று சொல்ல மாட்டேன். கடைசி வாய்தாவில் அவன் பக்கம் ஒரு வேன் நிறைய ஆள், எண்ணினேன், பதினொரு பேர். எல்லோரும் நம்மவர்கள், இரண்டு பேர் இயக்கச் சட்டை போட்டிருந்தார்கள். அவள் பக்கம் நானும் அவள் தங்கையும் மட்டும். நீதிமன்ற வராந்தாவில் அவர்கள் முன்னால் நடந்து கழிப்பறைக்குப் போக முடியாமல் அவள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாய்தா வரும் மாதத்தில். காலை ஏழு மணிக்கு ரிங்லெட் பஸ் நிற்கும் இடத்திலிருந்து என் கார் புறப்படும். பின்சீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. பெண்களாக இருந்தால் நல்லது.